ஹப்போ எழுந்திருக்கக் கூடாது

கடலுக்கும், கடலைத் தடுத்து நிற்கும் கரைக்கும், கரைமேல் மேயும் ஆடுகளுக்கும், மற்றுமுள்ள சகல ஜீவராசிகளுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: ஹாரெர்சீல் ‘அந்தி அமைதி’ முதியோர் இல்லத்தின் தர உயர்வுக் குழு, ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் கூடி, ஒன்றரை மணி நேரம் ஆழ்ந்து விவாதித்து, இரண்டு தட்டு பிஸ்கட்டைத் தீர்த்தபின், மனித குலத்தின் நன்மையை முன்னிட்டு ஒருமனதாக எடுத்த முடிவு: எண்பத்து நான்கு வயதான ஹப்போ ஹார்பர்ட்ஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

எழுந்தால் அவர் விழுந்தார். விழுந்தால் நான்கு பக்கப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ஜூன் தொடங்கிப் பதினொரு முறை விழுந்து நாற்பத்து நான்கு பக்கங்களுக்கு அவர் காரணமாகியிருந்தார். அந்த இல்லத்தில் வேறு எவரும் அவ்வளவு எழுத்துக்குப் பொருளானதில்லை.

ஆகவே பட்டை வந்தது. ஒரு சாண் அகலத்தில் வெள்ளைப் பருத்திப் பட்டை. இடுப்பைச் சுற்றி நாற்காலியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பூட்டைத் திறக்கக் காந்தச் சாவி. படுக்கையில் இன்னொரு பட்டை, இருபுறமும் கம்பித் தடுப்பு. குழுவின் ஏட்டில் இதற்குப் பெயர் ‘நகர்வுசார் பாதுகாப்புத் துணை’. மாடியில் வேலை பார்த்தவர்கள் பட்டை என்றே சொன்னார்கள். ஹப்போ எதுவும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கவாதத்தில் கை கால் தப்பித்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. மிச்சமிருந்தவை மூன்று: காலை, மதியம், மாலை எந்நேரத்துக்கும் பொருந்தும் வணக்கமான ‘மொய்ன்’. எதற்கும் பொருந்தும் ‘ம்’. அப்புறம், பாதிரியார் முன்னால் சொல்லக் கூடாத ஒன்று. அந்தக் கடற்கரையில் இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஊர்த் தலைவராகவே காலம் தள்ளலாம். ஆகவே அவருக்கு எவ்வளவு பேச்சு போயிருந்தது என்று பலருக்கும் தெரியவில்லை.

நீதிமன்றம் அனுமதிக்காமல் யாரையும் கட்ட முடியாது, சட்டம் அப்படி. நீதிமன்றத்தைக் கேட்பதற்குக் காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். காப்பாளர் ஒரே மகள் தோம்கே. அவள் போட்டாள். போடாமல் என்ன செய்வாள்? புருவத்தில் எட்டுத் தையலோடு, ஒரு கண் வீங்கி மூடிக்கிடக்க, அவர் ‘மொய்ன்’ என்றதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அடுத்தது இடுப்பு எலும்பு என்றார்கள். இடுப்பு எலும்புக்கு அடுத்தது சாவு வீட்டு வெண்ணெய் கேக் என்பது ஹாரெர்சீலில் எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதத்துக்கு அனுமதி கிடைத்தது.

அந்த ஆறு மாதம் பிப்ரவரி கடைசியில் முடிந்தது.

பிப்ரவரியில் தோம்கேவுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அவளும் கணவன் எனோவும் கரையின் எண்ணூறு ஆடுகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஆடுகள் மேய்ந்து, மிதித்து, புல்லையும் மண்ணையும் இறுக்கி வைத்தால்தான் கரை நிற்கும். கரை நின்றால்தான் ஊர். ஆனால் ஆடுகளுக்கு இந்தப் பொறுப்பெல்லாம் தெரியாது, குட்டி போடுகிற மாதத்தில் அறவே தெரியாது. வடமேற்குக் காற்று பனியும் மழையுமாக முகத்தில் அறைந்துகொண்டிருந்த அந்தப் புதன்கிழமை காலை, வயிறு பெருத்த பெட்டை ஒன்று பள்ளத்தில் சரிந்து, மல்லாந்து, நாலு காலும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. மல்லாந்த சினை ஆட்டால் தானாகப் புரள முடியாது. அரை நாள் விட்டால் வயிறு உப்பிச் செத்துப்போகும். தோம்கே அதன் கம்பளியைப் பற்றிப் புரட்டி நிறுத்தினாள். நிறுத்திவிட்டு உடனே கையை எடுக்கவில்லை. எடுத்தால் நாலடி போய் மறுபடி விழும். தொடைகளுக்கு நடுவே அதை இடுக்கிக்கொண்டு, கால்களுக்கு ரத்தம் திரும்பும்வரை காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

மதியம் பரட்டைக்கீரையும் சாஸேஜும். எனோ தட்டை விட்டுத் தலையை எடுக்காமல் கேட்டான்.

"அந்தப் பெட்டை பிழைச்சுதா?"

"பிழைச்சுது. கால் மணி நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னேன். விட்டதும் என்னை ஒரு முறை முறைச்சுட்டுப் போச்சு."

"நன்றி கெட்டதுங்க. எவ்வளவு நேரம் கிடந்திருக்கும்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்." தோம்கே முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா ஆறு மாசமாக் கிடக்கார்."

எனோ மென்று முடித்தான். அவன் மெல்லுவது எப்போதும் கொஞ்சம் நேரமெடுக்கிற காரியம்.

"உங்கப்பா ஆடு இல்ல" என்றான்.

"தெரியும்."

"ஆடா இருந்தா எப்பவோ போய்த் தூக்கி நிறுத்தியிருப்போம்."

"நிறுத்தி, விழுந்து, இடுப்பு ஒடிஞ்சுதுன்னா? கையெழுத்துப் போட மாட்டேன்னு அடம் பிடிச்சு அப்பனைக் கொன்னுட்டாம்பாங்க."

"இப்ப என்ன சொல்றாங்க?"

"இப்ப ஒண்ணும் சொல்லல."

"சொல்லட்டுமே" என்று எனோ இன்னொரு சாஸேஜை எடுத்துக்கொண்டான். பிப்ரவரி மாதத்துக்கான அவனுடைய பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுப்பு மேலே அந்தக் கடிதம் நிமிர்ந்து நின்றது. மறுநாள், வியாழன் மதியம் மூன்று மணிக்கு, நீதிபதி நேரில் வந்து ஹப்போவைப் பார்ப்பார். பட்டையை இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கும்படி இல்லம் எழுதியிருந்தது. கூட வந்த படிவத்தில் தோம்கேயின் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

அன்றும் வழக்கம்போல் மூன்று மணிக்கு, பிளாஸ்கில் நல்ல தேநீரும், பையில் கற்கண்டும், திராட்சை ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். இல்லத்துத் தேநீரை அவள் தேநீராகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பாவுக்கு ஊற்றினாள். அவர் குடித்தார். மறுபடி ஊற்றினாள். குடித்தார். இந்த ஒன்றில் மட்டும் அவர் பழைய ஆள்தான் என்று அவளுக்குத் திருப்தி. பிறகு காலுறையைக் கழற்றிப் பார்த்தாள். கெண்டைக்கால் சதை இருந்த இடத்தில் பை மாதிரித் தோல் தொங்கியது. முழங்கால் முழுதாக நீளவில்லை. குதிகாலில் பழைய ஐந்து மார்க் நாணயம் அளவுக்குக் கருஞ்சிவப்பு.

"இது எப்படி, ஆல்மூத்?"

ஆல்மூத் அந்த மாடியில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்ப்பவள். தோம்கேயோடு ஒரே பெஞ்சில் படித்தவள், அந்தப் பெஞ்சில் மற்றவளுடைய விடைத்தாளைப் பார்த்து எழுதியவள்.

"உக்காந்தே இருந்தா அப்படித்தாண்டி ஆகும். ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிவிடுறேன். மாடியில இருபத்திரண்டு பேர், கை எனக்கு ரெண்டு. பட்டை போட்டவங்களே ஏழு பேர்."

"நாளைக்கு நான் கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?"

"என்னைக் கேக்காத. விழுந்தப்ப தூக்கினவ நான். அந்த ரத்தத்தைத் துடைச்சவளும் நான். கட்டினவளும் நான்." ஆல்மூத் ஹப்போவின் கோப்பையை எட்டிப் பார்த்தாள், காலியாக இருந்தது, தன் கையில் இருந்த கெட்டிலிலிருந்து ஊற்றினாள். "குடிக்கிறதுல மட்டும் உங்கப்பாவை அடிச்சுக்க ஆளே இல்ல. பாரு."

கதவுக்குப் பக்கத்தில் நீர் அருந்துதல் அட்டவணை தொங்கியது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் இலக்கு. எட்டியவருக்கு ஒரு தங்க நட்சத்திரம். ஹப்போவின் வரிசை, ஏதோ யுத்தத்தில் பாதி நாட்டைப் பிடித்துக் கொடுத்த தளபதியின் மார்பு போலிருந்தது.

அப்போது இயக்குநர் டாக்டர் பிரில்விட்ஸ் உள்ளே வந்தார். ஹனோவரிலிருந்து வந்தவர். அவர் தோள்மேல் கை வைக்காமல் யாரோடும் பேசுவதில்லை.

"தோம்கே அம்மையாரே, நாளைய தினம் குறித்துத் தாங்கள் சிறிதும் கலங்க வேண்டியதில்லை. தங்கள் தந்தையாரின் எழுச்சிக்கு அடிப்படைக் காரணத்தை நாங்கள் கண்டறிந்துவிட்டோம். முப்பத்தெட்டு ஆண்டுகள் நீரேற்று நிலையக் காவலராகப் பணியாற்றியவர். உள்ளூர நீர் உயர்வதாக உணர்கிறார். மதகைத் திறக்க எழுகிறார். இதற்கு நான் ‘நீர்க் கடமை உந்துதல்’ என்று பெயரிட்டிருக்கிறேன்."

"அப்ப என்ன செய்யறது?"

"செய்துவிட்டோம்" என்று அவர் சுவரைக் காட்டினார். நீரேற்று நிலையத்தின் பெரிய வண்ணப் படம். அதன் கீழே ஒரு சிறிய பெட்டியிலிருந்து சளசளவென்று ஓடை ஓடிக்கொண்டிருந்தது. "காலை முதல் மாலை வரை நீரோசை. மதகு திறந்தே இருக்கிறது என்று அவர் உள்ளம் அமைதியடையும்."

ஹப்போ நாற்காலியில் நெளிந்தார்.

"பார்த்தீர்களா, கேட்கிறார்" என்றார் இயக்குநர், தோம்கேயின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"இவரு எதுல டாக்டர்?" என்றாள் தோம்கே.

"ஹோட்டல் நிர்வாகத்துல" என்றாள் ஆல்மூத்.

மறுநாள் மழையும் பனியும் கலந்து பக்கவாட்டில் அடித்தது. நீதிபதி உல்ஃபெர்ட்ஸ் சேறு படிந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையோடு அறைக்குள் நுழைந்து "மொய்ன்" என்றார். பக்கத்து ஊர்க்காரர். ஹப்போ "மொய்ன்" என்றார். வழக்கு விசாரணை தொடங்கிவிட்டது என்பது இதன் பொருள்.

அவரோடு ஒரு பெண்ணும் வந்தார். ஹப்போவின் பக்கம் நின்று பேசுவதற்காக நீதிமன்றம் அனுப்பிய வால்புர்கா ஓபர்மயர். இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர், தெற்கே மலைப்பக்கம் பிறந்தவர், அங்கத்திய உரத்த குரல். வந்ததும் தரையில் மண்டியிட்டு ஹப்போவின் காலுறையை இறக்கிக் குதிகாலைப் பார்த்தார். முழங்காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்துகொண்டார். தோம்கே அப்பாவின் காலுறையைத் திரும்ப ஏற்றிவிட்டாள்.

ஆல்மூத் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். இயக்குநர் கோப்புகளைத் திறந்து நீர்க் கடமை உந்துதலைப் பற்றிப் பேசினார். பேசுகிறபோது ஹப்போவின் கோப்பை காலியானது. ஆல்மூத் ஊற்றினாள். இயக்குநர் புள்ளிவிவரத்துக்கு வந்தார். கோப்பை காலியானது, தோம்கே பிளாஸ்கிலிருந்து ஊற்றினாள். நீதிபதி சட்டப்பிரிவு ஒன்றைச் சுட்டிக்காட்டி, சுட்டிய கையாலேயே கெட்டிலை எடுத்து ஹப்போவுக்கு ஊற்றினார். ஹப்போ நிதானமாக, கண்ணில் ஒருவிதக் களைப்போடு, குடித்துக்கொண்டே இருந்தார்.

"ஆறு" என்றார் ஓபர்மயர்.

"என்ன ஆறு?" என்றார் நீதிபதி.

"ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு ஸ்பூன் கிடைக்குமா? கலக்கணும்."

கற்கண்டு போட்டு, பாலாடையை விளிம்போரமாக இறக்கி, அது மேகம்போல் மேலே எழும்பி வருவதைப் பார்த்துக் குடிக்கிற தேநீரைக் கலக்குவதா? நீதிபதி தன் காலுறையைப் பார்த்தார். அவர் பார்த்த வழக்குகளில் இதைவிட மோசமானவை உண்டு, ஆனால் அவற்றில் யாரும் நீதிபதியின் கண்முன்னால் குற்றம் செய்ததில்லை.

"இந்த மாடியில ஸ்பூன் இல்லம்மா" என்றாள் ஆல்மூத். "மே மாசம் மூணாம் ரூம் அம்மா ஒண்ணைக் கொண்டுபோய்ப் பிளக்குக்குள்ள விட்டாங்க. அதுலேர்ந்து தடை. சூப்புக்கு மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குறோம். இருங்க, கீழே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வரேன்."

அவள் போய் ஒரே ஒரு ஸ்பூனோடு வந்தாள். ஓபர்மயர் கலக்கினார். மூன்று பேர் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். கலக்கிய ஸ்பூனை அவர் தட்டோரம் வைத்தார்.

ஹப்போவின் கை நீண்டது. பட்டை வயிற்றை அழுத்தும்வரை அவர் முன்னால் சாய்ந்து, அந்த ஸ்பூனை எடுத்து, தன் கோப்பைக்குள் நிறுத்தினார். ணிங் என்றது. பிறகு பின்னால் சாய்ந்து, ஒன்பது மாதமாக அடக்கி வைத்திருந்தது போல் ஒரு பெருமூச்சு விட்டார்.

அவருக்கு ஊற்றத் தூக்கிய ஆல்மூத்தின் கெட்டில் அந்தரத்தில் நின்றது. அவள் நிறுத்தவில்லை, கை தானாக நின்றது. நீதிபதியின் கையும் தானாகப் பின்வாங்கியது. தோம்கே பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடிவிட்டு, தான் ஏன் மூடினோம் என்று ஒரு கணம் கழித்து உணர்ந்தாள்.

"ஐயோ அப்பா" என்றாள்.

"என்ன? என் ஸ்பூனை எடுத்துக்கிட்டார், அதுக்கு ஏன் எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி பாக்கறீங்க?" என்றார் ஓபர்மயர்.

"போதும்னு சொல்லிட்டார்" என்றார் நீதிபதி.

"எப்போ சொன்னார்?"

"இப்பத்தான் சொன்னார். ஸ்பூனைக் கோப்பைக்குள்ள வெச்சா போதும்னு அர்த்தம். வெக்கிறவரைக்கும் ஊத்தணும். ஊத்தினா குடிக்கணும். குடிக்காம விட்டா வீட்டுக்காரங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி."

"வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லக் கூடாதா?"

நீதிபதி உண்மையிலேயே யோசித்தார். "எதுக்கு? ஸ்பூன்தான் இருக்கே."

"இல்லியே" என்றாள் ஆல்மூத். உட்கார்ந்துவிட்டாள். "மே மாசத்துலேர்ந்து இல்லியே. எங்க கைக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், கோப்பையில ஸ்பூன் நிக்கலைன்னா ஊத்து. ஸ்பூனே கிடையாதுங்கறது கைக்குத் தெரியல."

ஓபர்மயர் இயக்குநரின் முன்னாலிருந்த கோப்புகளைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரத்துப் படித்தார்.

"ஜூன் நாலு: தேநீருக்குள் விரலை வைத்துக்கொண்டிருந்தார். சுகாதார உணர்வு குன்றியுள்ளது. ஜூன் ஒன்பது: சீப்பைக் கோப்பைக்குள் வைத்தார். பொருட்களை அடையாளம் காண்பதில் குழப்பம். ஜூன் பதினேழு: மூக்குக்கண்ணாடியைக் கோப்பைக்குள் வைத்தார். குழப்பம் முற்றுகிறது. ஜூலை ரெண்டு: பல்செட்." இங்கே கொஞ்சம் நிறுத்தினார். "ஜூலை பதினொண்ணு: கோப்பையைக் கவிழ்த்தார். ஆக்ரோஷம். தூக்க மருந்து பரிந்துரை. ஆகஸ்ட்ல பட்டை. செப்டம்பர் மூணு: எதையும் கோப்பைக்குள் வைப்பதில்லை. நல்ல முன்னேற்றம்."

தோம்கே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் மூன்று மணிக்கு, பிளாஸ்கும் கற்கண்டுமாய் வந்து, ஆசை ஆசையாய் ஊற்றியது யார்?

ஓபர்மயர் வேறொரு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "விழுந்த நேரம். பன்னிரண்டு. நாலு. நாலேகால். பன்னிரண்டு. நாலு. நீங்க தேநீர் குடிக்கிறது எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு, மூணு" என்றாள் ஆல்மூத்.

"இந்த ரெண்டு தாளையும் யாராவது பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தீங்களா?"

"அவை வெவ்வேறு கோப்புகள்" என்றார் இயக்குநர். பிறகு நிமிர்ந்தார். "எனினும் நீர்க் கடமை உந்துதல் என்ற கோட்பாட்டை இது எவ்விதத்திலும்..."

"மூத்திரம், டாக்டர்" என்றாள் ஆல்மூத்.

ஓபர்மயர் எழுந்து போய்ச் சுவரோரம் சளசளத்துக்கொண்டிருந்த ஓடையை நிறுத்தினார்.

நீதிபதி தோம்கேயைப் பார்த்தார். "தோம்கேம்மா, ஒண்ணு சொல்லணும். காரணம் தெரிஞ்சுபோச்சு, சரி. ஆனா கால் போன கால்தான். அவர் எழுந்தா விழலாம். நான் கட்டறதுக்கு அனுமதி கொடுக்கத்தான் முடியும், கட்டுன்னு உத்தரவு போட முடியாது. கட்டறதும் விடறதும் உங்க கையிலதான்."

"விழுந்தால் பொறுப்பு யாருடையது என்பதைக் குறிப்பில் தெளிவாக..." என்றார் இயக்குநர்.

"என்னோடது" என்றாள் தோம்கே. "ஆல்மூத், சாவியைக் குடு."

ஆல்மூத் கழுத்துச் சரட்டிலிருந்த காந்தச் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். தோம்கேயின் விரல்கள் காலையில் மூன்று குட்டிகளை இழுத்து வெளியே போட்ட விரல்கள், தவறத் தெரியாதவை. இரண்டு முறை தவறின. மூன்றாவது முறை பூட்டு விட்டது. பட்டை மடியில் தளர்ந்து விழுந்தது.

ஹப்போ எழுந்திருக்கவில்லை. அசையவே இல்லை. கைகளைப் பட்டை இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"ஏன் எழுந்திருக்க மாட்டேங்கறார்?" என்றாள் தோம்கே.

"ஆறு மாசமா இதைத்தானே கத்துக் கொடுத்திருக்கோம்" என்றார் ஓபர்மயர். "மறக்க நாளாகும். பட்டைக்கு அனுமதி வேணாம்னு நான் எழுதறேன். ஆறு வாரம் கழிச்சு வந்து பாக்கறேன். கட்டிலைத் தரையளவுக்கு இறக்குங்க, பக்கத்துல மெத்தையைப் போடுங்க, தேநீர் குடிச்சு அரை மணியில டாய்லெட். தினமும் நிக்க வைங்க. இப்போதைக்கு முதல்ல அவரைக் கூட்டிட்டுப் போங்க. நான் எண்ணினது ஆறு கோப்பை."

தோம்கே அந்தப் படிவத்தைக் காலி இடத்தோடேயே நீதிபதியிடம் கொடுத்தாள். பிறகு வீட்டுக்குப் போகிற வழியில், கரை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் கொட்டகைக்குப் போனாள். இரட்டைக்குட்டி ஒன்று காத்திருந்தது.

அந்த ஆறு வாரமும் அவள் ஆட்டு நாற்றத்தோடுதான் இல்லத்துக்கு வந்தாள். குளித்து உடை மாற்ற நேரமில்லை. உடற்பயிற்சிக்காரர் வாரத்துக்கு இரண்டு முறை இருபது நிமிஷம் வந்தார். மிச்ச நாளெல்லாம் தோம்கே தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்து எழுப்பி, அவர் முழங்கால்களைத் தன் முழங்கால்களால் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்து, காலுக்கு ரத்தம் வரட்டும் என்று நின்றாள். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் மடங்கிவிட்டார்.

"என்னடி இது, ஆட்டை நிறுத்தற மாதிரி நிறுத்தற?" என்றாள் ஆல்மூத்.

"எனக்கு வேற எதையும் நிறுத்தத் தெரியாது."

"மனுஷன்டி அது. உங்கப்பன்."

ஹப்போ மகளின் தோளுக்கு மேலாக ஆல்மூத்தைப் பார்த்தார். இடது பக்க உதடு கோணியது.

"மே" என்றார்.

இரண்டு பெண்களும் அவரைக் கீழே போட்டுவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் புது வார்த்தை அது. பேச்சுப் பயிற்சியாளர் அதை வார்த்தை என்று பதிவு செய்ய மறுத்தார்.

பன்னிரண்டாம் நாள் விழுந்தார். மெத்தைமேல்தான், ஆனால் முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. இயக்குநரிடமிருந்து ‘மறுபரிசீலனை’ என்ற தலைப்பில் கடிதம் வந்தது, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. தோம்கே அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள். எனோ வந்து பார்த்தான். அவளையும் பார்த்தான். பிறகு அந்தக் கடிதத்தின்மேல் சூடான சட்டியை இறக்கி வைத்தான். சாப்பிட்டார்கள்.

இருபதாம் நாள் மூன்றடி. இருபத்தைந்தாம் நாள் சக்கரத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு கதவு வரை. நாற்காலியிலிருந்து கழிவறைக் கதவு பதினாலு அடி என்று ஆல்மூத் அளந்து சொன்னாள். முப்பத்தொன்றாம் நாள் அவர் பதினாலையும் நடந்து, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவுக்கு வெளியே தோம்கே நின்றாள். உதவட்டுமா என்று கேட்டாள். உள்ளிருந்து, பாதிரியார் முன்னால் சொல்லக் கூடாத அந்த ஒன்று, தெளிவாகக் கேட்டது. குதிகாலில் புதுத் தோல் வந்திருந்தது.

மாடியில் ஏழு பட்டைகளில் நான்கு கழன்றன. ஓபர்மயர் ஒவ்வொரு கோப்பாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று குடும்பங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தன. தோம்கே அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த யோசனை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் டாக்டர் பிரில்விட்ஸும் சும்மா இருக்கவில்லை. ஏப்ரல் மாதத்து வெயில் நாள் ஒன்றில், பெரிய கூடத்தில், ‘பிரில்விட்ஸ் எழுச்சி முறை’ உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. ‘எழுக, முதுமையே!’ என்று பதாகை. மாவட்ட அதிகாரி ஒருவர், பத்திரிகைக்காரர் ஒருவர், பித்தளை வாத்தியக் குழு, மூன்று வகை கேக். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு ஸ்பூன், ‘ஸ்பூன் மறு அறிமுகக் கொள்கை’ என்ற ஒன்பது பக்கச் சுற்றறிக்கையின்படி. முன்வரிசையில் ரிப்பன் கட்டிய நாற்காலியில் ஹப்போ, வெளுத்த சட்டையும் கழுத்துப்பட்டையுமாக. தோம்கே இரண்டு வரிசை பின்னால், ஆல்மூத்தின் பக்கத்தில்.

"இந்தாளு உங்கப்பாவைக் கண்டுபிடிச்ச மாதிரியே பேசறாருடி" என்று ஆல்மூத் கிசுகிசுத்தாள்.

"பேசட்டும். பேசறதுக்குப் படிவம் வேண்டாம்."

இயக்குநர் நாற்பது நிமிஷம் பேசினார். கட்டுண்ட மனிதன், கட்டறுத்த நிர்வாகம் என்று தொடங்கி, ஐரோப்பா முழுவதும் தன்னை நோக்கித் திரும்பிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, ரோமாபுரி வழியாக மீண்டும் ஹாரெர்சீலுக்கு வந்து சேர்ந்தார். பத்திரிகைக்காரர் இரண்டாவது கேக்கை முடித்தார். மாவட்ட அதிகாரி விழித்துக்கொண்டார். இயக்குநரின் குரல் தழுதழுத்தது.

"பெரியோர்களே! எழவே முடியாது என்று உலகம் கைவிட்ட மனிதர், இன்று, இந்த நொடியில், உங்கள் அனைவரின் கண்முன்னால், இந்த முறையின் வெற்றிக்குச் சாட்சியாக, தம் சொந்தக் கால்களில் எழுந்து நிற்பார். ஹார்பர்ட்ஸ் அவர்களே, எழுக!"

வாத்தியக் குழு முழங்கியது. எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

நாற்காலியில் யாரும் இல்லை. ஹப்போ ஒன்றுக்குப் போயிருந்தார்.